"தம்பி, பட்டன் வேலை செய்யலப்பா": அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

தை பிறந்துவிட்டால் மன்னார்குடிப் பக்கம் அறுவடை மெஷினுக்கு அடிபிடிதான். சம்பா எல்லாருக்கும் ஒரே சமயத்தில் முற்றி நிற்கும், மழை எப்போது வருமோ தெரியாது, இருக்கிற வண்டிகளோ கொஞ்சம். என் மாமா நான்கு வண்டி வைத்து வாடகைக்கு விடுகிறார், இரண்டு பெல்ட் வண்டி, இரண்டு டயர் வண்டி. அவர் நோட்டில் எழுதி முறை வைத்துக்கொண்டிருந்ததை ஒரு சின்ன இணையப் படிவமாக மாற்றிக் கொடுத்தேன். பெயர், ஊர், எத்தனை மா நிலம், வயல் காய்ந்திருக்கிறதா சேறாக இருக்கிறதா, எந்தத் தேதிக்கு வண்டி வேண்டும், அவ்வளவுதான் கேள்விகள். கீழே ஒரு பட்டன்.

என் லேப்டாப்பில் எல்லாம் சரியாக ஓடியது. லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றே போன் வர ஆரம்பித்தது. எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்தான், பட்டன் வேலை செய்யவில்லை. அதற்குள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பிழைகள் ஒளிந்திருந்தன. அவற்றைத் தேடிப் பிடித்த விதத்தைக் கூப்பிட்டவர்களின் வார்த்தைகளையே தலைப்பாக வைத்து எழுதுகிறேன். உங்கள் படிவம் நெல்லுக்கோ நகைச்சீட்டுக்கோ எதற்காக இருந்தாலும் பட்டன் ஒன்றுதான்.

கோடை, அதாவது படிவத்தின் நிரலை, தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். போன் ஆண்ட்ராய்டா ஐபோனா? அமுக்கும்போது கீபோர்டு திறந்திருந்ததா? அமுக்கியதும் ஏதாவது அசைந்ததா, நிறம் மாறியதா, பக்கம் மேலே போனதா? முதல் கேள்வி ஏன் முக்கியம் என்றால், "குரோம்ல பாக்குறேன்" என்று ஒருவர் சொன்னால் அது பாதித் தகவல்தான். நம் நாட்டில் ஐபோனில் ஓடும் குரோமுக்கும் உள்ளே இருந்து பக்கத்தை வரைந்து காட்டுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் ஆப்பிள் வேறு எஞ்சினுக்கு வழி விட்டது. அதனால் ஐபோன் குரோமில் வரும் பிழையை லேப்டாப் குரோமில் தேடினால் கிடைக்காது.

"அமுக்குறேன், ஒண்ணுமே நடக்கலை"

அதிகமாக வந்த புகார் இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதல் காரணம் என் படிவத்திலேயே இருந்தது. வயல் சேறு என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் "தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆகும்" என்று ஒரு கட்டம் திறக்கும். காய்ந்த வயல் என்றால் அதை மறைத்துவிடுவேன். மறைத்தேனே தவிர, அதற்குக் கொடுத்திருந்த ரிக்வயர்டு (கட்டாயம் நிரப்ப வேண்டும்) என்ற பண்பை எடுக்கவில்லை. பிரவுசர் என்ன செய்யும்? கட்டாயக் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது, படிவத்தை அனுப்பக் கூடாது என்று நிறுத்தும். எந்தக் கட்டம் என்று காட்டலாம் என்றால் அதுதான் திரையில் இல்லையே, அதனால் பயனருக்கு ஒன்றுமே சொல்லாமல் நின்றுவிடும். குரோமில் கன்சோலை, அதாவது டெவலப்பர் பார்க்கும் பிழைப் பட்டியலை, திறந்து பார்த்தால் மட்டும், தவறான கட்டத்துக்கு ஃபோக்கஸ் கொடுக்க (கர்சரை அங்கே கொண்டுபோய் வைக்க) முடியவில்லை என்று ஒரு வரி சிவப்பில் இருக்கும். வயல் வரப்பில் நிற்பவர் கன்சோலை எங்கே பார்ப்பார்? தீர்வு எளிது. கட்டத்தை மறைக்கும்போதெல்லாம் டிசேபிள்டு (செயலற்றது) ஆக்கிவிடுங்கள். டிசேபிள்டு கட்டத்தை பிரவுசர் சரிபார்க்கவும் செய்யாது, அனுப்பவும் செய்யாது. பல கட்டங்கள் என்றால் அவற்றைச் சேர்த்துக் கட்டும் ஒரு ஃபீல்டுசெட்டுக்குள் போட்டு அந்த ஃபீல்டுசெட்டை டிசேபிள்டு ஆக்கினால் போதும்.

இரண்டாவது, மா கணக்கு. எங்கள் பக்கம் நிலத்தை இன்னும் மாவில்தான் சொல்வார்கள், 3 மா ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. ஒருவருக்கு இரண்டரை மா. 2.5 என்று போட்டார், படிவம் போகவில்லை. நம்பர் வகைக் கட்டத்தின் ஸ்டெப் (எண் எத்தனை எத்தனையாகக் கூடலாம் என்பது) நாம் சொல்லாவிட்டால் 1 என்றுதான் பொருள், அதனால் 2.5 பிரவுசருக்குத் தப்பான எண். ஒரு சின்னக் குமிழில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அது மறைந்துவிட்டது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஸ்டெப் என்பதற்கு எனி என்று கொடுங்கள், இன்புட்மோடுக்கு டெசிமல் என்று கொடுங்கள், புள்ளியோடு எண் கீபோர்டு வரும்.

அந்தக் குமிழைத் தமிழில் காட்டலாமே என்று, நம் சொந்தச் செய்தியை வைக்கும் செட்கஸ்டம்வேலிடிட்டி போட்டேன், அதில் அடுத்த பிழை வந்தது. அதில் ஒரு முறை செய்தி வைத்துவிட்டால், நாமே வெற்றுச் சரத்தைக் கொடுத்து அழிக்கும் வரை அந்தக் கட்டம் தப்பு என்றே நிற்கும். பயனர் சரியான எண்ணைத் திருத்திப் போட்டாலும் படிவம் போகாது. இன்புட் நிகழ்வு (கட்டத்தில் எழுத்து மாறுவது) ஒவ்வொரு முறை வரும்போதும் முதலில் அதை அழித்துவிட்டு, அப்புறம் சரிபாருங்கள்.

மூன்றாவது, பட்டனே பட்டனாக இல்லாதது. டிவ் அல்லது ஸ்பான் என்ற வெறும் பெட்டி டேகுக்கு நிறம் பூசிப் பட்டன் மாதிரி காட்டி, கிளிக்கை மேலே டாக்குமெண்டில் (முழுப் பக்கத்தில்) வைத்துக் கவனிப்பவர்கள் நிறைய. ஐபோன் சஃபாரியில் இப்படிப்பட்டவற்றுக்குக் கிளிக் வராமலே போவது பழைய தொல்லை; கர்சரை பாயிண்டர் என்று கொடுத்தால் வந்துவிடும் என்பார்கள், வரும்தான். ஆனால் கீபோர்டில் டேப் தட்டினால் அதில் நிற்காது, கண் தெரியாதவர் திரைவாசிப்பான் வைத்துக் கேட்டால் பட்டன் என்று சொல்லாது. பட்டன் வேண்டிய இடத்தில் பட்டன் டேகையே போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு அடுக்கு, மூடிய மெனுவின் பின்திரை மாதிரி ஏதாவது, பட்டனை மூடிக்கொண்டிருக்கலாம். டெவலப்பர் கருவியில் எலிமென்ட்ஃப்ரம்பாயிண்ட் என்ற அழைப்புக்குப் பட்டன் இருக்கும் இடத்தின் எண்களைக் கொடுத்தால், அங்கே உண்மையில் மேலே இருப்பது எது என்று சொல்லிவிடும்.

"ரெண்டு தடவை அமுக்கினாத்தான் போகுது"

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது, ஏனென்றால் என் கையில் ஒரு தடவைகூட நடக்கவில்லை. நான் சோதிக்கும்போது எப்போதும் சரியான போன் நம்பரையே அடித்தேன். தப்பாக அடித்துத் திருத்தியவர்களுக்குத்தான் வந்தது.

நடப்பது இதுதான். போன் நம்பர் தப்பு என்றால் கட்டத்துக்குக் கீழே ஒரு சிவப்பு வரி காட்டினேன். பயனர் நம்பரைத் திருத்திவிட்டு நேரே பட்டனை அமுக்குகிறார். மவுஸை அழுத்திய அந்தக் கணமே கட்டத்திலிருந்து ஃபோக்கஸ் போகிறது, உடனே என் கோடு ஓடி, நம்பர் சரியாகிவிட்டது என்று சிவப்பு வரியை எடுத்துவிடுகிறது, அந்த ஒரு வரி உயரம் பட்டன் மேலே ஏறுகிறது, விரலை எடுக்கும்போது சுட்டிக்கு அடியில் பட்டன் இல்லை. அழுத்தியது பட்டனில், விட்டது வெற்றிடத்தில், பட்டனுக்குக் கிளிக் போய்ச் சேராது. இரண்டாம் தடவை அமுக்கும்போது எதுவும் நகராததால் போகிறது. போனில் இதோடு கீபோர்டு இறங்கிப் பக்கம் நகர்வதும் சேர்ந்துகொள்ளும்.

பிழைச் செய்திக்கான இடத்தை முதலிலிருந்தே காலியாக ஒதுக்கி வையுங்கள், ஒரு வரி உயரத்துக்கு மின்ஹைட் (குறைந்தபட்ச உயரம்) கொடுத்தால் போதும், செய்தி வந்தாலும் போனாலும் பட்டன் அசையாது. மவுஸ்டவுனில் (அழுத்திய கணத்திலேயே) அனுப்பிவிடலாம் என்று குறுக்குவழி தேடாதீர்கள். தவறுதலாக அழுத்தியவர் சுட்டியை நகர்த்தி விலகிக்கொள்ளும் வசதியை அது பறித்துவிடும்.

"ஒரு தடவைதான் அமுக்கினேன், மூணு புக்கிங் விழுந்திருக்கு"

அவர் பொய் சொல்லவில்லை. வயலில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும், அமுக்கியதும் திரையில் மாற்றம் இல்லை என்றால் விரல் தானாகவே மறுபடி போகும். அதற்கு மாமா மூன்று வண்டி ஒதுக்கி வைத்தால் ஊரில் வேறு இருவரின் முறை தள்ளிப்போகும், அதனால் இந்தப் பிழையை நான் மற்ற எதையும்விடப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் முதலில் செய்வது, பட்டனின் கிளிக் நிகழ்வில் அதை டிசேபிள்டு ஆக்குவது. செய்து பார்த்தேன், படிவமே போகாமல் நின்றது. கிளிக் நிகழ்வு முடிந்த பிறகுதான் பிரவுசர் படிவத்தை அனுப்பப் பார்க்கும். அதற்குள் பட்டன் டிசேபிள்டு ஆகிவிட்டதால் அனுப்பாமல் விட்டுவிடும். சரியான இடம், படிவம் போகும்போது வரும் சப்மிட் நிகழ்வு. அங்கே டிசேபிள்டு ஆக்குங்கள், எழுத்தையும் "அனுப்புகிறது" என்று மாற்றுங்கள். என்டரில் அனுப்பினாலும் பட்டனில் அனுப்பினாலும் அந்த நிகழ்வு வரும், ஆகவே உங்கள் வேலை எல்லாவற்றையும் பட்டனின் கிளிக்கில் கட்டாமல் படிவத்தின் சப்மிட்டில் கட்டுவதுதான் பிற்பாடு பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

இதில் இரண்டு நுணுக்கம். பட்டனுக்குப் பெயரும் மதிப்பும் கொடுத்து, எந்தப் பட்டன் அமுக்கப்பட்டது என்று சர்வரில் பார்ப்பவராக இருந்தால், டிசேபிள்டு ஆன பட்டனின் மதிப்பு போய்ச் சேராது. அப்போது டிசேபிள்டு ஆக்காமல், அனுப்பிவிட்டோம் என்று ஒரு மாறியில் குறித்துக்கொண்டு, இரண்டாம் சப்மிட்டை பிரிவென்ட்டீஃபால்ட் சொல்லி நிறுத்துங்கள். எந்தப் பட்டன் என்று ஜாவாஸ்கிரிப்டிலேயே தெரிய வேண்டும் என்றால் நிகழ்வின் சப்மிட்டர் என்ற பண்பைப் பாருங்கள், சஃபாரியில் 15.4 பதிப்பிலிருந்து உண்டு. ஃபோக்கஸ் எதில் இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம், சஃபாரியில் பட்டனைக் கிளிக் செய்தால் அதற்கு ஃபோக்கஸே போகாது. அடுத்து, பக்கம் மாறாமல் ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே ஃபெட்ச் வைத்து அனுப்புகிறீர்கள் என்றால் தோல்வியானாலும் பட்டனைத் திறந்துவிடுங்கள். சிக்னல் போனதால் "அனுப்புகிறது" என்றே நின்றுவிட்ட பட்டனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இவ்வளவு செய்தும் பிரவுசரை மட்டும் நம்ப முடியாது. படிவத்தோடு மறைவாக ஒரு தனிச் சாவி அனுப்புங்கள், சர்வரில் அந்தச் சாவியை ஒரு தடவைதான் ஏற்றுக்கொள்ளும்படி டேட்டாபேஸில் யூனிக் என்று கட்டுப்பாடு போடுங்கள். அதே சாவி மறுபடி வந்தால் பிழை காட்டாமல், முதல் தடவை கொடுத்த பதிவு எண்ணையே திருப்பிக் கொடுங்கள். அதற்கப்புறம் எனக்கு இரட்டைப் பதிவு ஒன்றுகூட வரவில்லை.

"திரும்பி வந்தா பட்டன் சாம்பல் கலர்லயே நிக்குது"

மேலே சொன்ன தீர்வு பெற்றெடுத்த பிழை இது. பதிவு முடிந்ததும் இன்னொரு வயலுக்கும் வண்டி கேட்கலாம் என்று பின்னால் போகிறார். பிரவுசர் பக்கத்தைப் புதிதாக ஏற்றாமல், விட்டுப் போன நிலையிலேயே நினைவகத்திலிருந்து எடுத்து வைக்கிறது. சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் வெகுநாளாக இப்படிச் செய்கின்றன. குரோமில் ஆண்ட்ராய்டுக்கு 2020இல் 86ஆம் பதிப்பிலும் கணினிக்கு 2021இல் 96ஆம் பதிப்பிலும் வந்தது. டிசேபிள்டு ஆன பட்டன் அப்படியே உறைந்து வந்து நிற்கும், லோடு நிகழ்வும் வராது.

பக்கம் திரைக்கு வரும்போதெல்லாம் வரும் பேஜ்ஷோ நிகழ்வைக் கவனியுங்கள். அதில் பெர்சிஸ்டெட் (நினைவகத்திலிருந்து வந்தது) உண்மை என்றால் பட்டனைத் திறந்து, எழுத்தைப் பழையபடி மாற்றி, தனிச் சாவியையும் புதிதாக்குங்கள். சாவியை மாற்ற மறந்தால் இரண்டாவது வயலுக்கான பதிவைச் சர்வர் பழையது என்று நினைத்து விழுங்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸில் இன்னொரு பழக்கம் உண்டு, பக்கத்தை ரீலோடு செய்தாலும் பட்டனின் டிசேபிள்டு நிலையை நினைவில் வைத்திருக்கும். அந்தப் பட்டனுக்கு ஆட்டோகம்ப்ளீட்டை ஆஃப் என்று கொடுத்தால் விட்டுவிடும்.

"ஊர் பேரை அடிச்சு என்டர் தட்டினா, அடிச்சதெல்லாம் அழிஞ்சு போச்சு"

லேப்டாப்பில் பார்த்த ஒரு அக்கா சொன்னது. படிவத்துக்குள் பல பட்டன் இருந்தால், என்டர் தட்டும்போது பிரவுசர் தேர்ந்தெடுப்பது கோடில் முதலில் வரும் சப்மிட் பட்டனை. திரையில் எது பெரியது, எது பச்சை என்பதெல்லாம் கணக்கில்லை. டைப் (பட்டனின் வகை) சொல்லாத பட்டன் படிவத்துக்குள் இருந்தால் அதுவும் சப்மிட் பட்டன்தான். நான் மேலே வைத்திருந்த "எல்லாம் அழி" பட்டனுக்கு டைப் கொடுக்கவில்லை, கிளிக்கில் அழிக்கும் கோடு மட்டும் இருந்தது, என்டர் அதைப் போய் அமுக்கிவிட்டது. "இன்னொரு வயல் சேர்" மாதிரி பட்டன் அமுக்கினால் பக்கம் ரீலோடு ஆகிறது என்றாலும் காரணம் இதுவேதான். அனுப்பும் பட்டனைத் தவிர எல்லாவற்றுக்கும் டைப் என்பதற்கு பட்டன் என்று எழுதிவிடுங்கள். அழிக்கும் பட்டனை நான் எடுத்தே விட்டேன், அதை யாரும் தெரிந்து அமுக்கி நான் பார்த்ததில்லை.

போனில் என்டர் சாவியில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதையும் நாம் சொல்லலாம். என்டர்கீஹிண்ட் என்பதற்கு நடுக் கட்டங்களில் நெக்ஸ்ட், கடைசியில் செண்ட். ஆனால் அது பெயர்ப்பலகை மட்டும்தான், வேலையை மாற்றாது. சாவியை அழுத்தியதும் வரும் கீடவுனில் எந்தச் சாவி என்று பார்த்து வேலை செய்யும் கோடு இருந்தால் ஆண்ட்ராய்டில் தடுமாறும். கூகுள் கீபோர்டில் தமிழ் அடிக்கும்போது பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் எல்லாச் சாவிக்கும் வரும். எழுத்தைக் கவனிக்க இன்புட் நிகழ்வு, அனுப்புவதைக் கவனிக்க சப்மிட் நிகழ்வு.

கோடிலிருந்தே அனுப்ப வேண்டியிருந்தால் சப்மிட்டை அழைக்காமல் ரிக்வெஸ்ட்சப்மிட்டை அழையுங்கள். முன்னது சரிபார்ப்பையும் சப்மிட் நிகழ்வையும் தாண்டிப் போய்விடும். பட்டனுக்கு நேம் என்று சப்மிட்டையே வைத்திருந்தால் சப்மிட் அழைப்பே வேலை செய்யாது, பெயர் மோதும்.

"பட்டனையே காணோம்ப்பா"

ஐபோனில் கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், தொட்டதும் பக்கம் பெரிதாகும், பட்டன் ஓரமாகத் திரைக்கு வெளியே போகும். எழுத்தை 16 ஆக்குங்கள். மாக்சிமம்ஸ்கேல் போட்டுப் பெரிதாக்குவதையே தடுப்பவர்கள் உண்டு. கண் மங்கிய பெரியவர்களுக்கு அது செய்யும் கெடுதல் பெரியது.

பட்டனைத் திரையின் அடியில் ஒட்டி வைத்திருந்தால் வேறு சிக்கல். 100 விஎச் (முழுத் திரை) உயரம் என்பது போனில் முகவரிப் பட்டை சுருங்கிய நிலையின் உயரம், பட்டை விரிந்திருக்கும்போது அடிப்பகுதி மறைந்துவிடும். பட்டையோடு சேர்ந்து மாறும் டிவிஎச் அலகு இதற்காகவே வந்தது. கீபோர்டு திறக்கும்போது ஆண்ட்ராய்டு குரோம் முன்பெல்லாம் பக்கத்தையே சுருக்கும், 2022 கடைசியில் 108ஆம் பதிப்பிலிருந்து சஃபாரி போலச் சுருக்குவதில்லை, ஒட்டிய பட்டன் கீபோர்டுக்கு அடியில் போய்விடும். பக்கத்தின் அளவைச் சொல்லும் வியூபோர்ட் மெட்டாவில் இன்டராக்டிவ்விட்ஜெட் என்பதற்கு ரிசைசஸ்கன்டென்ட் கொடுத்தால் ஆண்ட்ராய்டில் பழையபடி ஆகும், சஃபாரியில் அதை நம்ப முடியாது. என் அனுபவத்தில் சின்னப் படிவத்துக்கு ஒட்டும் பட்டனே வேண்டாம். கடைசிக் கட்டத்துக்குக் கீழே சாதாரணமாக இருக்கட்டும், தேடிப் போய் அமுக்குவார்கள்.

"ரசீது திறக்க மாட்டேங்குது"

ஐபோனில் மட்டும். சர்வரிலிருந்து பதில் வந்த பிறகு விண்டோஓப்பன் செய்தால் (புதிய ஜன்னல் திறந்தால்), விரல் பட்டதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று சஃபாரி தடுத்துவிடும். தானாகத் திறக்காமல், ரசீதுக்கு ஒரு லிங்க்கைத் திரையில் காட்டுங்கள்.

"அமுக்கின கலர் போகவே மாட்டேங்குது, எழுத்தும் வெட்டிக் கிடக்கு"

தொடுதிரையில் ஹோவர் நிறம் (சுட்டி மேலே நிற்கும்போது வரும் நிறம்) வேறு இடத்தைத் தொடும் வரை ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் காத்திருப்பார்கள். ஹோவர் பாணிகளை, ஹோவர் வசதி உள்ள கருவிக்கு மட்டும் என்ற மீடியா குவெரிக்குள் வையுங்கள். எழுத்து ஏன் வெட்டுப்படுகிறது என்றால், பட்டன் பக்கத்தின் ஃபாண்டை எடுத்துக்கொள்ளாது, ஃபாண்ட் என்பதற்கு இன்ஹெரிட் என்று நாம்தான் சொல்ல வேண்டும். உயரத்தைப் பிக்சலில் கட்டிவிட்டால் தமிழின் கொம்பும் சுழியும் மேலும் கீழும் வெட்டுப்படும். உயரத்தை விட்டுவிட்டு பேடிங் (உள் இடைவெளி) கொடுங்கள், மின்ஹைட் 48 பிக்சல் வையுங்கள். சேற்றுக் கையோடு அமுக்குபவருக்கு அதற்குக் குறைந்தால் சிரமம். ஐஓஎஸ் 15இலிருந்து நாம் நிறம் சொல்லாத பட்டனில் எழுத்து நீலமாக வரும், அதனால் நிறத்தையும் எழுதிவிடுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகும் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் பட்டன் வேலை செய்யவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரியாக நிரப்பினார், நிரப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அமுக்குங்க பெரியப்பா" என்றேன். "எதைப்பா?" என்றார். பட்டனில் "சமர்ப்பி" என்று எழுதியிருந்தேன். அன்று ராத்திரியே அதை "மெஷின் வேணும்" என்று மாற்றினேன்.